நாலாவது ஸ்குரு

குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. உள்ளே மனைவி. வெளியே சென்னியப்பன், எழுபத்து நாலு வயது, கையில் உருப்படாத திருப்புளி ஒன்று. மணி எட்டே முக்கால், ஞாயிற்றுக்கிழமை, பத்து மணிக்கு மகன் வருகிறான். நடந்தது இவ்வளவுதான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்றுதான் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில், குளியலறைக் கதவுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார், ஆனால் மண்டை கேட்டால்தானே, எங்கே சுற்றினாலும் அந்தத் தாழ்ப்பாளிலேயே வந்து முட்டியது. கெரகம் பிடித்த தாழ்ப்பாள். மேலே பளபளவென்று பூச்சு, உள்ளே வெறும் தகரம். பிடித்து இழுக்கிற குமிழ் முறிந்து அவள் கையோடு வந்துவிட்டது, தண்டு கொண்டிக்குள் கெட்டியாக இறங்கிக் கிடக்கிறது. நிலை சிமெண்ட் நிலை, கொண்டி அதில் வார்க்கும்போதே புதைத்தது, அசையாது. கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு, கீல் மூன்றும் உள்ளே. சன்னலுக்குக் கம்பி. வெளியே நிற்கிறவனுக்கு ஒரு வழியும் வைக்கக்கூடாது என்று எவனோ உட்கார்ந்து யோசித்துக் கட்டியிருக்கிறான். உதைத்தால் திறக்கும். முப்பது வருஷத்து பிளைவுட், அடி மூலை தண்ணீரில் ஊறி ஊறி பன் மாதிரி கரைந்துபோய் மூன்று விரல் நுழைகிற சந்து விட்டிருக்கிறது. ஆனால் உள்ளே நாலடிக்கு நாலடி இடம், கதவு பிளந்தால் அவள் மேலேதான் விழும். அவள் தப்பித்தாலும் உடைந்த கதவு தப்பிக்காது, பத்து மணிக்கு நவநீதன் வந்து நின்று பார்ப்பான். நவநீதன் மகன். நல்ல பையன். அதுதான் கஷ்டமே. கெட்டவனாக இருந்தால் போடா என்று சொல்லிவிடலாம். போன மாதம் பல்பு மாற்றப்போய் இதே ஸ்டூலிலிருந்து இவர் விழுந்தபோது வந்தான், ஒரு வார்த்தை கத்தவில்லை, இடுப்புக்குத் தைலம் தேய்த்தான், தேய்த்துக்கொண்டே சொன்னான். "இன்னொருக்கா இந்த மாதிரி எதாச்சும் ஆச்சுன்னா, அன்னிக்கே வீட்டப் பூட்டிப்போட்டு ரெண்டு பேரையும் கார்ல ஏத்திக்கிட்டுப் போயிருவேனுங்ப்பா. அப்பறம் நீங்க ஒண்ணும் பேசக்கூடாது." சென்னியப்பன் பேசவில்லை. அவளும் பேசவில்லை. பேசாமலிருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். அவன் இருப்பது பதினாலாவது மாடி. லிஃப்டுக்குள் ஒரு பொம்பளை குரல் மாடிக் கணக்குச் சொல்லும். சன்னலைத் திறந்தால் மேகம். மேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது. இன்னொருக்கா என்றானே, அந்த இன்னொருக்கா இன்றைக்கு விடிந்திருக்கிறது, இன்னும் ஒரு மணி நேரமும் கொஞ்சமும் இருக்கிறது, அதற்குள் இந்தக் கதவு சத்தமில்லாமல் திறந்தாக வேண்டும்.

"ஏனுங்க," என்றாள் உள்ளேயிருந்து. "இருக்கறீங்களா, போயிட்டீங்களா?" "எங்க போறது." "அர்த்தநாரியக் கூப்புட்டுப் போடாதீங்க." "அவன நான் எதுக்குக் கூப்புடறேன்?" "கூப்புட்டாலும் கூப்புடுவீங்க. கோவம் வந்தா உங்களுக்கு மூள வேல செய்யாது." அர்த்தநாரி பக்கத்து வீடு, ரிட்டையரான வி.ஏ.ஓ. ஊர் நிலத்துக்கெல்லாம் அடங்கல் கணக்கு எழுதிப் பழகின கை, எழுத நிலம் இல்லாமல் போனதும் இந்த வீட்டில் நடப்பதையெல்லாம் நவநீதனுக்கு வாட்ஸப்பில் எழுதிக்கொண்டிருக்கிறது. போன மாதம் இவர் விழுந்து எழுந்து உட்காருவதற்குள் மகனுக்குச் சேதி போயிருந்தது. சென்னியப்பன் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தார். இதைத் திருப்புளி என்று சொன்னால் நாக்கு அழுகும். தீவாளி நோம்பிக்கு நவநீதன் வாங்கிக் கொடுத்த பெட்டி, சிவப்பு பிளாஸ்டிக், மேலே நூற்றெட்டு உருப்படி என்று எழுதியிருக்கிறது. நூற்றெட்டு எதற்கு, அர்ச்சனை செய்வதற்கா? ஒன்று ஒழுங்காக இருந்தால் போதாதா? மூடியைத் திறந்தால் ஒவ்வொன்றும் அதனதன் பள்ளத்தில் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி உட்கார்ந்திருக்கும், ஒன்றுக்கும் வேலை தெரியாது. கதவின் மூலைச் சந்து வழியாக இதைத்தான் முதலில் உள்ளே தள்ளினார். தாழ்ப்பாளைக் கதவோடு பிடித்திருப்பது நாலு ஸ்குரு, நாலையும் கழற்றினால் கதவு தானாக வந்துவிடும். உள்ளே கரகரவென்று சத்தம், பிறகு வழுக்குகிற சத்தம், பிறகு அவள் ஸ்ஸ் என்றாள். "என்ன?" "ஒண்ணுமில்ல, நகம். சுத்துதுங்க. ஆனா ஸ்குரு சுத்தல, இதுதான் சுத்துது." "அமுக்கிப் புடி புள்ள." "அமுக்குனா வளையுது. பாருங்க." சந்து வழியாகத் திரும்பி வந்தது. நுனி முறுக்கிக்கொண்டு நின்றது. இரும்பா இது, வெண்ணெய். எவனோ வெண்ணெயை அச்சில் ஊற்றி மேலே வெள்ளி அடித்து விற்கிறான், படித்த பிள்ளை பார்த்துப் பார்த்து வாங்குகிறான். சுவரில் ஓங்கி எறிந்தார். அது சுவரில் பட்டு, வாளியில் பட்டு, அண்டா மூடியில் பட்டு, ஊருக்கே மணியடித்துவிட்டு ஓய்ந்தது. ஓய்வதற்குள் காம்பவுண்டுச் சுவருக்கு மேல் ஒரு வழுக்கைத் தலை முளைத்தது. "என்னுங்ணா, காலங்காத்தால சத்தம்?" "பூன." "பூனயா? எங்க வந்துச்சு?" "வந்துச்சு. போயிருச்சு." "அக்கா இல்லீங்களா, சத்தத்தையே காணமே?" இந்த இடத்தில் சென்னியப்பனுக்குப் பொய் வரவில்லை. உள்ளே சடாரென்று குழாய் திறந்தது, தண்ணீர் வாளியில் இரைந்து கொட்டியது, அதற்கு மேல் அவள் குரல், "குளிச்சுட்டு இருக்கறேனுங்க அர்த்தநாரி, இங்க ஆம்பளைக பேசிட்டு நின்னா நான் எப்படி வெளிய வாறது?" தலை விருட்டென்று கீழே போனது. குழாய் மூடியது. கதவுக்குப் பின்னால் அவள் சிரிப்பதை, சத்தம் வராத அந்தச் சிரிப்பை, சென்னியப்பன் கேட்டார். அவருக்கு அதுவும் கோபமாக வந்தது. மாட்டிக்கொண்டு நிற்கிறவளுக்குச் சிரிப்பென்ன.

ஸ்டூலில் மறுபடி உட்கார்ந்தார். வலது கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டார். ரெண்டு வருஷமாக அப்படித்தான் வைத்துக்கொள்கிறார், குளிருக்கு வைத்த மாதிரி. வெளியே எடுத்தால் அது பாட்டுக்கு ஆடும், யாரோ பக்கத்தில் லாரியை ஓடவிட்டு நிறுத்தின மாதிரி உள்ளுக்குள்ளே ஒரு அதிர்வு. மோட்டார் கம்பெனியில் கருவி செய்கிற டூல்ரூமில் முப்பத்தெட்டு வருஷம் இருந்த கை. வார்ப்புப் பலகையில் நீலம் தடவி, அதன்மேல் ஜாபை, செய்கிற இரும்புத் துண்டை, தேய்த்து, எங்கே நீலம் ஒட்டுகிறதோ அந்த மேட்டை மட்டும் ஸ்கிரேப்பரால் ஒரு சுரண்டு. மயிரிழையில் பாதி போகும். மறுபடி நீலம், மறுபடி சுரண்டு. சாணை பிடித்த ஸ்கிரேப்பர் சர்க்கரையை மெல்லுகிற மாதிரி ஒரு சத்தம் போடும், அந்தச் சத்தம் வந்தால் தலையை நிமிர்த்த வேண்டியதே இல்லை, சோற்று மணி அடிப்பதும் கேட்காது. மழுங்கியது கீச்சென்று கத்தும். கத்துகிற கருவியை வைத்துக்கொண்டு வேலை செய்கிறவனைச் சென்னியப்பன் கிட்டேயே சேர்த்ததில்லை. கருவி என்றால் கையில் இருப்பதே தெரியக்கூடாது. ஸ்குருவைப் பிடித்தால் பிடித்தது அது என்று தெரியக்கூடாது, நம் விரல்தான் நீண்டுபோய் அந்த வெட்டுக்குள் உட்கார்ந்துகொண்ட மாதிரி இருக்க வேண்டும். அப்படி ஒன்று இருந்தது. அவரே செய்தது. துளையைச் சீராக்குகிற ரீமர் ஒன்று உடைந்ததில் அதன் தண்டை எடுத்து, நுனியைத் தட்டி, தேய்த்து, செக்கச்செவேல் என்று காய்ச்சி எண்ணெயில் முக்கி, மறுபடி இளம் சூட்டில் வாட்டி, வைக்கோல் நிறம் வந்து, கத்திரிப்பூ நிறம் வந்து, மயில் கழுத்து நிறம் வருகிற அந்த நொடியில் தண்ணீரில் விட்டு எடுத்தது. ஒரு நொடி முந்தினால் முறியும், ஒரு நொடி பிந்தினால் வளையும். கருவேலங்கட்டையில் பிடி, தண்டு பிடிக்குள்ளேயே ஓடி மறுமுனையில் வெளியே வந்து ஒரு எஃகுத் தொப்பி போட்டுக்கொண்டிருக்கும், சுத்தியலால் அடித்தாலும் தாங்கும். அது போய்விட்டது. மற்றதெல்லாமும் போய்விட்டது, ஒரு இரும்புப் பெட்டி நிறைய. யார் கேட்டாலும் நவநீதன்தான் வீட்டில் இடமில்லை என்று அப்புறப்படுத்தச் சொன்னான் என்பார். அர்த்தநாரியிடம் சொல்லியிருக்கிறார், பால்காரரிடம் சொல்லியிருக்கிறார், இவளிடமும் அதையேதான் சொன்னார். நவநீதனுக்கு அப்படி ஒரு பெட்டி இருந்ததே ஞாபகம் இருக்குமோ என்னவோ. ஒருநாள் மத்தியானம் வெர்னியரை எடுத்துச் சும்மா ஒரு தடவை அளந்து பார்க்கலாம் என்று பிடித்தார், முள் நிற்கவில்லை, கோடு கோடாக ஓடியது, முள்ளா ஓடும், கைதான் ஓடியது, வெர்னியர் தரையில் விழுந்தது. அதை எடுத்துத் துடைத்துப் பெட்டியில் வைத்து, கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிற ரங்கசாமிக்குப் போன் போட்டு, பெட்டியோடு எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். ரங்கசாமி கும்பிட்டுவிட்டு எடுத்துப் போனான். அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். வந்ததும் பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தாள், இவர் சொன்னதைக் கேட்டாள், "செரிங்க" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ரெண்டு வருஷம் அவர் கண்ணில் பட்ட சாமான் எல்லாவற்றையும் திட்டிக்கொண்டிருக்கிறார், கத்திரிக்கோல், பூட்டு, குடை, பேனா எல்லாம். அவை பதில் பேசாது.

மணி ஒன்பதேகால். குளியலறைக்குள் தண்ணீர் சொட்டுகிற சத்தம். ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் அவள் மூச்சு. காலில் ஏற்கெனவே வீக்கம், எவ்வளவு நேரம் நிற்பாள், வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பாளா, ஈரத் தரை, ஒரு வழுக்கு வழுக்கினால். அந்த நினைப்பு பாதியில் வந்து நின்றது, முழுக்க வர அவர் விடவில்லை, அதற்குப் பதிலாகத் தாழ்ப்பாள் செய்தவனைத் திட்டினார், விற்றவனைத் திட்டினார், சிமெண்ட் நிலையில் கொண்டியைப் புதைத்தவனின் பரம்பரையைத் திட்டினார், மரத்தில் வைத்திருந்தால் இந்நேரம் நெம்பியிருக்கலாமே. ஆனால் கொண்டி அதன் இடத்தில்தான் இருக்கிறது. முப்பது வருஷமாக அதே இடம். பழைய தாழ்ப்பாள் துருப்பிடித்து விழுகிறவரை அதில் நேராகத்தான் போய்வந்தது. புதுசு மாட்டினது வெள்ளிக்கிழமை. மாட்டினது யார்? இங்கே வந்து நினைப்பு சிக்கியது, தள்ளினார், மறுபடி சிக்கியது. மாட்டினது நீதான். அளவுகோல் வைத்தாயா, வைக்கவில்லை. எனக்கா அளவுகோல், முப்பத்தெட்டு வருஷம் மைக்ரான் பார்த்த கண்ணு, ஒரு குளியலறைத் தாழ்ப்பாளுக்கா கோடு போடுவேன் என்று கண்ணளவில் வைத்துப் பிடித்து, சிவப்புப் பெட்டித் திருப்புளியால் நாலு ஸ்குருவும் ஏற்றினாய். முதல் ரெண்டு ஏறியது. மூன்றாவதில் கை ஆடியது. நாலாவதில் திருப்புளி வெட்டைவிட்டு நாலு தடவை வழுக்கி, ஸ்குருத் தலையின் ஒரு பக்க விளிம்பையே தின்றுவிட்டது. மாட்டி முடித்துப் பார்க்கும்போது தண்டு கொண்டிக்கு ஒரு நூல் கீழே நின்றது. ஒரே ஒரு நூல். எட்டில் ஒரு பங்கு அங்குலம். டூல்ரூமில் ஒரு நூல் தப்பினால் அந்த ஜாபைக் குப்பையில் போட்டுவிட்டு, போட்டவனையும் வெளியே நிறுத்துவார்கள், நிறுத்துகிறவரே இவர்தான். வீட்டில் என்ன, தேய்ந்து சரியாகிவிடும் என்று விட்டார். சரியாகிவிடும் என்று அவர் வாய் சொன்னது அதுதான் முதல் தடவை. "ஏ புள்ள." "சொல்லுங்க." "தாழ்ப்பாள் வெள்ளிக்கிழமையிலிருந்தே இறுக்கமா இருந்துச்சா?" "காலால கதவச் சித்த மேல தூக்கிக்கிட்டுப் போட்டா விழும்." "மூணு நாளா தூக்கிக்கிட்டா போட்ட?" "ஆமா." "ஏன் சொல்லல?" அவர் கத்திவிட்டார், பிறகு காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துக் குரலைக் கீழே இறக்கி அதே கோபத்தில் மறுபடி கேட்டார். "ஏன் சொல்லல?" "சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" "செரி பண்ணியிருப்பேன்." ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு. "அதான் சொல்லல," என்றாள்.

சென்னியப்பன் எழுந்தார். எங்கே போவது என்று தெரியாமல் எழுந்து நின்றார். நாற்பத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை அவள் சொன்னதில்லை, சொல்லியிருந்தால் வீடு ரெண்டாகியிருக்கும், இப்போது அவள் உள்ளே, இவர் வெளியே, நடுவில் கதவு, தாழ்ப்பாள், அதனால் சொல்கிறாள். "உங்களத்தானுங்க," என்றாள் அவளே மறுபடி, அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிட்ட மாதிரி. "அடுப்படிக்குப் போங்க. குக்கர் வைக்கற தட்டு இருக்குதில்ல, அதுக்குப் பின்னால பழைய காப்பி டப்பா ஒண்ணு இருக்கும். துணி சுத்தி வெச்சிருக்கறேன். அத எடுத்துட்டு வாங்க." "என்ன அது?" "எடுத்துட்டு வாங்கன்னா." போனார். குக்கரை நகர்த்தினார், இடது கையால். டப்பாவுக்குள் பழைய வேட்டித் துணி, துணிக்குள் கனம். பிரிப்பதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிட்டது, அந்தக் கனம் எந்தப் பக்கம் சாயும் என்று கைக்குத் தெரியும். கருவேலம் பிடி. எஃகுத் தொப்பி. நுனியில் மயில் கழுத்து நிறம் இன்னும் ஒரு கீற்று மிச்சமிருந்தது. துருவே இல்லை. மூக்கருகில் கொண்டுபோனார், தேங்காயெண்ணெய். ரங்கசாமி எடுத்துப்போன பெட்டியில் இது இல்லை. அப்படியென்றால் அதற்கு முன்னாலேயே இது இங்கே இருந்திருக்கிறது. எவ்வளவு முன்னால்? கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே இது அடிக்கடி காணாமல் போகும், வீட்டையே தலைகீழாகக் கவிழ்ப்பார், எவன் எடுத்தது என்று ஆடுவார், மறுநாள் பெட்டியில் அதன் இடத்திலேயே கிடக்கும், தான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்வார், நினைத்துக்கொண்டதை வெளியே சொல்லமாட்டார். என் திருப்புளியை எடுத்துக் குக்கர் பிடியையா முடுக்கியிருக்கிறாள், அரிசி கழுவுகிற கையால், மஞ்சப்பொடிக் கையால். காதெல்லாம் சூடேறியது. இதைச் செய்தபோது ஒரு ராத்தூக்கம் வரவில்லை அவருக்கு, அவ்வளவு அருமை, இதைக்கொண்டுபோய்க் குக்கருக்கா. திருப்புளியை வலது கையில் பிடித்தார். பிடித்தால் ஆட்டம் நிற்கும் என்று ஒரு எண்ணம் இருந்தது, எங்கிருந்து வந்தது அந்த எண்ணம், நிற்கவில்லை. நுனி காற்றில் சின்னச் சின்னதாக எழுதிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். குக்கரின் பிடியைத் தொட்டுப் பார்த்தார். துளிகூட ஆடவில்லை. வாங்கி இருபது வருஷம் ஆன குக்கர்.

"கெடச்சுதா?" "ம்." "தள்ளுங்க." குனிந்து சந்து வழியாக நீட்டினார். அந்தப் பக்கம் அவள் விரல் வந்து பிடியைப் பிடித்தது, ஈர விரல், நுனி ஊறிச் சுருங்கியிருந்தது, அவர் உடனே விடவில்லை. "உட்டாத்தானுங்க." விட்டார். கதவோடு காதை வைத்து நின்றார். அமுக்கிப் பிடி என்று சொல்ல வாயைத் திறந்தார், அதற்குள் சத்தம் வந்தது. சத்தம் என்றால் சத்தமே இல்லாத சத்தம், நுனி வெட்டுக்குள் உட்கார்ந்தது, உலோகத்தில் உலோகம் ஆடாமல் உட்கார்ந்தால் வருகிற ஒரு 'க்', அவ்வளவுதான், அதற்காகத்தான் அந்த நுனியை அவர் ரெண்டு பக்கமும் லேசாகக் குழித்துத் தேய்த்திருந்தார், ஆப்பு மாதிரி தேய்த்தால் வெளியே தள்ளும். பிறகு ஒரு முனகல், அவளுடையது. பிறகு கிரிச். மரம் ஸ்குருவை விட்டுக்கொடுக்கிற அந்தக் கிரிச். சுற்றுகிறாள். அவசரமில்லாமல், பாதிச் சுற்று, கையை மாற்றி இன்னொரு பாதி, நுனியை எடுக்காமலே பிடியை மட்டும் உள்ளங்கையில் நழுவவிட்டு. அப்படித்தான் செய்ய வேண்டும். அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை, இவர் சத்தியமாகச் சொல்லித்தரவில்லை, இவர் யாருக்கும் எதுவும் சொல்லித்தந்ததில்லை, கருவியைத் தொட்டாலே கையை வெட்டுவேன் என்பார். டங் என்று ஸ்குரு சோப்பு டப்பாவில் விழுந்தது. தரையில் போடாமல் டப்பாவில் போடுகிறாள். ஒன்று. ரெண்டாவதற்கு அவ்வளவு நேரம்கூட இல்லை. டங். இவ்வளவு தெரிந்தவள் எப்போதிலிருந்து தெரிந்தவள்? எங்கள் வீட்டில் ஒரு சாமான் கெடாது என்று கம்பெனியில் பீற்றிக்கொண்டிருந்திருக்கிறார், ஒரு தடவை முடுக்கினால் ஜென்மத்துக்கும் நிற்கும் நான் முடுக்குகிற ஸ்குரு, என்று. மிக்ஸி கெடவில்லை. இஸ்திரிப்பெட்டி கெடவில்லை. குழாய் ஒழுகியதில்லை. ஓவர்டைம் முடித்துப் பத்து மணிக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தவனுக்கு எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் எப்படி ஓடும், எந்த வீட்டில் ஓடும், டூல்ரூமில் இருந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா, ஓடுகிறது எல்லாம் தேயும், தேய்ந்தால் ஆடும், யாராவது முடுக்கினால்தான் நிற்கும். டங். மூன்று.

மணி ஒன்பதே நாற்பது. நாலாவது. அவர் தின்ற ஸ்குரு. 'க்' வரவில்லை. நுனி உட்கார்ந்து, வழுக்கியது. மறுபடி உட்கார்ந்து, மறுபடி வழுக்கியது. "இதுக்குத் தலையே இல்லீங்க ஒரு பக்கம்," என்றாள். தெரியும். "யாரு மாட்டுனதோ," என்றாள், சும்மா இருக்கமாட்டாள். வீட்டுக்கு அந்தப் பக்கம் தெருவில் கார் ஒன்று வந்து வேகம் குறைந்தது, சென்னியப்பன் தெருப்பக்கம் திரும்பினார், நவநீதன் பத்து என்றால் ஒன்பதே முக்காலுக்கே வந்து நிற்கிற ரகம், கார் நிற்காமல் போய்விட்டது. ஒரு பக்கம் விளிம்பு இல்லாத ஸ்குருவை என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நுனியை மிச்சமிருக்கிற வெட்டில் நிறுத்தி, பிடித்துக்கொண்டு, பின்னால் ஒரே ஒரு அடி. எஃகு ஸ்குருவைவிடக் கெட்டி, தானே ஒரு புது வெட்டு இறக்கிக்கொள்ளும், அடித்த கையோடு திருப்ப வேண்டும், அதற்காகத்தானே அந்தத் தொப்பி, அதற்காகத்தானே தண்டைப் பிடிக்குள்ளேயே ஓட்டினது. சொல்ல வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. அவளிடம் இதுவரை இதைச் செய் என்று சொல்லியிருக்கிறார், செய்யாதே என்று சொல்லியிருக்கிறார், எப்படிச் செய்வது என்று ஒருநாளும் சொன்னதில்லை, அந்தப் பேச்சு எப்படி ஆரம்பிக்கும் என்றே தெரியவில்லை. பேசாமல் கதவை உதைத்துவிடலாமா. உதைத்தால் பதினாலாவது மாடி. அவள் வழுக்கி விழுந்தாலும் பதினாலாவது மாடி. "புள்ள," என்றார். "அத... பின்னால..." உள்ளேயிருந்து ணங்கென்று ஒரு அடி. பித்தளைச் சொம்பால் எஃகுத் தொப்பியில் ஒரே அடி, ரெண்டாவது இல்லை. அடித்த கையோடு திருப்பு. கிரிச். சென்னியப்பன் நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டார். மயில் கழுத்து நிறத்தில் நிறுத்தினது வீணாகவில்லை என்று நினைத்தார், அப்புறம் அது மட்டும் இல்லை என்றும் நினைத்தார். உள்ளே பாதிச் சுற்று, பாதிச் சுற்று, அவசரமே இல்லை அவளுக்கு. கக்கத்திலிருந்த கை எப்போதோ வெளியே வந்திருந்தது, கதவில் பட்டுத் தடதடவென்று சின்னதாகத் தட்டிக்கொண்டிருந்தது, உள்ளே வர அனுமதி கேட்கிற மாதிரி. டங்.

கதவு உள்ளே போனது. சீயக்காய் வாசனை, ஈரம், அவள். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. ஒரு கையில் திருப்புளி, இன்னொரு கையில், கொண்டியிலிருந்து உருவியெடுத்த தாழ்ப்பாள். "இந்தாங்க, உங்க தாழ்ப்பாள்," என்று அவரிடம் கொடுத்தாள். திருப்புளியைக் கொடுக்கவில்லை. முந்தானையில் துடைத்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள், போகிற போக்கில் அவர் கையைப் பார்த்தாள், ஆடுகிற கையை, பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, "காப்பித்தண்ணி குடிக்கறீங்களா?" என்றாள். அவர் திட்ட எதையாவது தேடினார். தாழ்ப்பாள் கையில் இருந்தது, திட்ட வரவில்லை.

பத்துக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது நவநீதன் வந்தான். கார் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே செருப்பைக் கழற்றினான், கை கால் கழுவப் பின்னால் குளியலறைக்குப் போனான், போனவன் திரும்பி வந்தான், சாவி சுற்றவில்லை. "ஏனுங்ப்பா, பொடக்காலிக் கதவுல தாழ்ப்பாளக் காணம். நாலு ஓட்ட மட்டும் இருக்குது." அடுப்படியில் டம்ளர் சத்தம் நின்றது. பழசு, துருப்பிடிச்சது, கழட்டிப் போட்டேன் என்று சொன்னால் முடிந்தது. வாய்வரை வந்துவிட்டது, பூனை என்று சொன்ன வாய்க்கு அதொன்றும் பாரமில்லை. சென்னியப்பன் கையை முழங்காலின் மேல் எடுத்து வைத்தார். அது ஆடியது. ஆடட்டும். "வெள்ளிக்கிழம நான் மாட்டுனேன். ஒரு நூல் தப்பு. காலைல சிக்கிக்கிச்சு. உங்கம்மா ஒரு மணி நேரத்துக்கு மேல உள்ள நின்னா." மகன் கையைப் பார்த்தான். கையிலிருந்து கண்ணை எடுக்காமலே ஸ்டூலில் உட்கார்ந்தான். "ஒரு போன் போட்டிருக்கலாமில்லீங்களா?" "போடல." "அர்த்தநாரி மாமாவும் ஒண்ணும் எழுதலியே. ஆசாரி யாராச்சும் வந்தாங்களா?" "எவனும் வர்ல." "அப்பறம் யாருங்ப்பா தொறந்தது? நீங்களா?" இத்தனை வருஷமாக இந்தக் கேள்விக்கு இந்த வீட்டில் ஒரே பதில்தான், கேட்கிறவனும் அதை எதிர்பார்த்துத்தான் கேட்கிறான். அடுப்படிக்குள் அவள் குக்கர் பிடியை முடுக்குகிற சத்தம் கேட்டது, ஒளிக்காமல், வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாக. கல்யாணப் பத்திரிகையில் ஒரு தடவை படித்தது, ரேஷன் கார்டில் அவ்வப்போது பார்ப்பது, ஏ புள்ள என்றே ஓட்டிவிட்டதில் அவர் வாய் ஒருநாளும் எடுக்காத அவள் பேர். நாக்கு ஒரு பக்கம் விளிம்பில்லாத ஸ்குருவில் வழுக்குகிற மாதிரி முதல் தடவை வழுக்கியது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி நிறுத்தினார்.

"பூவாத்தா," என்றார் சென்னியப்பன்.